பிகேவியர் டெஃபினிஷன் கருவிக்கு ஆவணம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி-யின் அபாப் நிரல்மொழியில் செயலிகள் கட்டும் ஆர்ஏபி முறையில், ஒரு பிசினஸ் ஆப்ஜெக்ட் (ஆர்டர், பில் போன்ற வணிகத் தரவு) எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைக்கும் இடம் பிகேவியர் டெஃபினிஷன். அதை எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் மென்பொருளில் உருவாக்கும் கருவிக்குக் கையேடு எழுதச் சொன்னால் பெரும்பாலோர் திரையை வர்ணிப்பதில் தொடங்குகிறார்கள். வலது கிளிக் செய்யுங்கள், பெயர் கொடுங்கள், ஃபினிஷ் அழுத்துங்கள் என்று பக்கம் நிரம்பிவிடும். இதையெல்லாம் டெவலப்பர் திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் எழுதிய வரி எப்போது ஓடும், ஓடித் தோற்றால் என்ன ஆகும் என்பது திரையில் தெரியாது. கையேட்டைத் திறப்பதே அதற்காகத்தான்.

நேரத்தைச் சொல்லாமல் விடுவது

பயனர் தரவை மாற்றிக்கொண்டிருக்கும்போது நடப்பது இன்டராக்‌ஷன் கட்டம். சேமிக்கச் சொன்னதும் தொடங்குவது சேவ் சீக்வென்ஸ். அதற்குள் ஃபைனலைஸ், செக் பிஃபோர் சேவ், அட்ஜஸ்ட் நம்பர்ஸ், சேவ், கிளீனப் என்று வரிசை உண்டு. டிட்டர்மினேஷன் என்பது மதிப்பைத் தானாகக் கணக்கிடும் கோட், வேலிடேஷன் என்பது தரவு சரியா என்று பார்க்கும் கோட். ஆன் மாடிஃபை டிட்டர்மினேஷன் முதல் கட்டத்திலேயே ஓடிவிடும். ஆன் சேவ் டிட்டர்மினேஷன் ஃபைனலைஸில் ஓடும், வேலிடேஷன் செக் பிஃபோர் சேவில் ஓடும். அந்தப் படியைத் தாண்டிவிட்டால் சேமிப்பை முறையாக நிறுத்த வழி கிடையாது. டிட்டர்மினேஷன், வேலிடேஷன் பற்றிய ஒவ்வொரு பக்கத்திலும் அது எந்தப் படியில் ஓடுகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். "கருத்து" என்ற தனி அத்தியாயத்தில் ஒருமுறை சொல்லிவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது, அந்த அத்தியாயத்தை யாரும் முதலில் படிப்பதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, டிட்டர்மினேஷன்கள் எழுதிய வரிசையிலேயே ஓடும் என்று வாசகரை நம்பவைக்கும் உதாரணம். தள்ளுபடியைக் கணக்கிட ஒன்று, தள்ளுபடி போன தொகையின்மேல் 18% ஜிஎஸ்டி கணக்கிட ஒன்று என்று அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், வாசகர் அப்படியே எடுத்துப் போடுவார். ஆனால் ஓடும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. சோதனையில் சரியாக வந்த தொகை வாடிக்கையாளரிடம் போய்த் தப்பாகும். ஒன்றை நம்பி இன்னொன்று இருக்கிற கணக்குகளை ஒரே டிட்டர்மினேஷனுக்குள் வைத்துக் காட்டுங்கள். அதே டிட்டர்மினேஷன் இரண்டாம் முறை ஓடினாலும் விடை மாறக் கூடாது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஆக்டிவேட் ஆகும், ஆனால் தவறான கோட்

மாதிரிக் கோட் பிழையில்லாமல் ஆக்டிவேட் ஆனால் (கம்பைல் ஆகிப் பயன்பாட்டுக்கு வந்தால்) போதும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. வேலிடேஷன் மாதிரியில் செய்திகளுக்கான ரிப்போர்ட்டட் அமைப்பில் மட்டும் செய்தியைப் போட்டுவிட்டு, தோற்ற பதிவுகளைக் குறிக்கும் ஃபெயில்ட் அமைப்பை நிரப்பாமல் விடுகிறார்கள். பயனருக்குச் செய்தி தெரியும், ஆனால் தவறான தரவு தடையின்றிச் சேமிக்கப்படும். சேமிப்பைத் தடுப்பது ஃபெயில்ட்தான். மாதிரியில் இரண்டையும் நிரப்புங்கள், எது எதற்கு என்று அடுத்த வரியிலேயே சொல்லுங்கள்.

தரவைப் படிக்கும், மாற்றும் கட்டளைகளில் வரும் இன் லோக்கல் மோட் என்பதையும் விளக்கம் இல்லாமல் ஒட்டிவிடுகிறார்கள். அது அனுமதிச் சோதனையையும் ஃபீச்சர் கன்ட்ரோலையும் (எந்தச் செயல் எப்போது அனுமதி என்ற கட்டுப்பாடு) தாண்டிப் போகும். பிகேவியர் பூலுக்குள் (இந்த நடத்தைக்கான கோட் இருக்கும் கிளாஸ்) அது நியாயமானதுதான், ஆனால் ஏன் நியாயம் என்பதைச் சொல்லாவிட்டால் வாசகர் எல்லா இடத்திலும் அதைப் போடப் பார்ப்பார். தரவுத்தளத்தில் சேமித்து முடிக்கும் கமிட் வொர்க் கட்டளையை பிகேவியர் பூலுக்குள் எழுதக் கூடாது, எழுதினால் டம்ப் வரும் (புரோகிராம் பிழையோடு நின்றுவிடும்). பழைய அபாப் பழக்கத்தோடு வருபவர்கள் அநேகமாக எல்லோரும் இதில் இடறுகிறார்கள் என்பதால், எச்சரிக்கைப் பெட்டி ஒன்றே ஒன்று வைப்பதானால் இதற்கு வையுங்கள்.

டிராஃப்ட்டை ஒரு வரியில் முடிப்பது

டிராஃப்ட் என்பது பயனர் இன்னும் முடிக்காத மாற்றங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வசதி. "வித் டிராஃப்ட் என்று சேர்த்தால் போதும்" என்று எழுதுவது வாசகரை நடுவழியில் விடுவதற்குச் சமம். பிசினஸ் ஆப்ஜெக்ட்டின் பகுதியான ஒவ்வொரு என்டிட்டிக்கும் டிராஃப்ட் டேபிள் வேண்டும், மேல்நிலை என்டிட்டியான ரூட்டுக்கு டோட்டல் ஈடேக் (இடையில் தரவு மாறியதா என்று கண்டுபிடிக்கும் புலம்) வேண்டும். எடிட், ஆக்டிவேட், டிஸ்கார்ட், ரெஸ்யூம், பிரிப்பேர் ஆகிய டிராஃப்ட் செயல்களையும் அறிவிக்க வேண்டும். எந்தெந்த வேலிடேஷன் பிரிப்பேருக்குள் வர வேண்டும் என்பதையும் காட்டுங்கள். டிராஃப்ட்டை உண்மைத் தரவாக்கும் ஆக்டிவேட் நடக்கும்போது, சரிபார்க்கும் பிரிப்பேர்தான் முதலில் ஓடும்.

டிராஃப்ட்டில் செய்திகள் டிராஃப்ட்டோடு சேர்ந்தே தங்கும். அதனால் வேலிடேஷன் தொடங்கும்போதே, அதே ஸ்டேட் ஏரியாவில் (செய்திகளுக்கு வைக்கும் குழுப் பெயர்) கிடக்கும் பழைய செய்தியை அழிக்க வேண்டும். இந்த ஒரு வரி மாதிரியில் இல்லாவிட்டால், பயனர் தவறைத் திருத்திய பிறகும் சிவப்புச் செய்தி போகாது. டெவலப்பர் கண்டிஷனைத்தான் மணிக்கணக்கில் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

வெளியீட்டு எண்

பக்கத்தின் தலையில் எந்த வெளியீட்டுக்குப் பொருந்தும் என்று குறிப்பிடுங்கள். மேனேஜ்ட் முறை (படிப்பது, சேமிப்பது போன்ற வேலைகளை ஆர்ஏபியே பார்த்துக்கொள்வது) எஸ்ஏபி-யின் எஸ்/4 ஹானா மென்பொருளின் 1909 வெளியீட்டிலேயே உண்டு. டிராஃப்ட் அதன் 2020 வெளியீட்டில்தான் வந்தது. கிளவுடில் எழுதிச் சரிபார்த்த மாதிரி 1909 வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் ஆக்டிவேட்கூட ஆகாமல் போகலாம்.

சரிபார்க்கும் ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

பெங்களூரு அணிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கையேட்டில் விட்டுப்போன விஷயத்தை, வைட்ஃபீல்ட் கேன்டீனில் "அண்ணா, இது ஏன் சேவ் ஆகுது?" என்று கேட்டதும் பக்கத்து நாற்காலிக்காரர் தமிழிலேயே விளக்கிவிடுவார். கேட்டவருக்கு வேலை முடிந்தது, கையேடு மட்டும் அப்படியே இருக்கும். எழுதியவரின் அணியிலேயே ஒருவர் சரிபார்த்தாலும் இதே கதைதான், விட்டுப்போன படியை அவர் மனதுக்குள் நிரப்பிக்கொள்வார். வேறு அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் காலியான பேக்கேஜும் ஒரு டேபிளும் கொடுத்து, கையேட்டை மட்டும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வாய்திறந்து உதவாதீர்கள். அவர் எந்தக் கேள்வி கேட்டாலும் அதைப் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு, பதிலை அன்றே அந்தப் பக்கத்தில் ஏற்றுங்கள். கருவி பற்றிச் சந்தேகம் இருந்தால் ஜெர்மனியில் இருக்கும் எஸ்ஏபி அணியிடம் மாலைக்குள் கேட்டுவிடலாம். கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி.