பொறியியல் முடித்துவிட்டு வெளிநாட்டில் ஜியோலஜி படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் சிவில் முடித்த தம்பி தங்கச்சிமார் பலருக்கு இப்போது ஜியோலஜியில், அதாவது பாறையையும் நிலத்தடியையும் பற்றிய படிப்பில், ஒரு கண். நல்ல விஷயம்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைப் பொறியியலின் அடுத்த வகுப்பு என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இலிருந்து, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். அதனால் அங்கீகாரம் பெற்ற உங்கள் பொறியியல் பட்டத்துக்கு வெளியே மதிப்பு உண்டு, ஆனால் பொறியியலாளராக மட்டும். அதே பட்டத்தைக் காட்டி, மேலே ஒரு ஜியோலஜி மாஸ்டர்ஸை வைத்து, புவியியலாளர் (ஜியோலஜிஸ்ட்) உரிமம் கேட்டால் கதை வேறு. ஒன்டாரியோவில் பொறியியலாளருக்கு ஒரு சபை, புவிவிஞ்ஞானிக்கு வேறு சபை. பின்னது நீங்கள் எந்தெந்தப் பாடங்களைப் படித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்கென்றே தனிப் பரீட்சை இருக்கிறது. பிரித்தானியாவில் இவ்வளவு கெடுபிடி இல்லை, பட்டயப் புவியியலாளர் தகுதி இல்லாமலும் வேலை பார்க்கலாம். ஆகவே எந்த நாட்டில், எந்தப் பெயரில் வேலை செய்யப் போகிறேன் என்பதை முதலில் முடிவெடுங்கள், அதன்பிறகு பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். நம்மவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். சித்தப்பா ஸ்காபரோவில் இருக்கிறார், அதனால் டொரன்டோ! சுரங்கத் தொழில் படிக்க ஆசை என்றால், நிக்கலுக்குப் பேர்போன சட்பரி அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே. சித்தப்பா வீட்டுச் சோறு அங்கே வராது.

அடுத்தது, 'ஜியோலஜி' என்ற ஒரே சொல்லை வைத்து விண்ணப்பிப்பது. பொறியியல் புவியியல், நிலத்தடி நீரியல், புவிப்பௌதிகவியல், கனிய வளத் தேடல், பெற்றோலியம் எல்லாம் வேறு வேறு வாழ்க்கைகள். மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டதைக் கேட்டு பெற்றோலியம் எடுக்க நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இன்னும் வணிக உற்பத்தி தொடங்கவில்லை, ஊருக்குத் திரும்பி வந்து எண்ணெய் வேலை செய்யலாம் என்ற கணக்கில் அந்தப் பாடத்தை எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், சிவில் படித்தவருக்குப் பொருத்தமானவை பொறியியல் புவியியலும் நிலத்தடி நீரியலும்தான். உமா ஓயா நீர்த் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 கடைசியில் சுரங்கப்பாதை தோண்டும்போது, நீர் நிரம்பிய வெடிப்புப் பாறையில் முட்டி உள்ளே தண்ணீர் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. சுரங்கப்பாதையை வடிவமைக்கத் தெரிந்தவர் நம் நாட்டில் இல்லாமலில்லை. அந்தப் பாறையில் எங்கே வெடிப்பு ஓடுகிறது, அதில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைத் தோண்டுவதற்கு முன்பே வாசிப்பது இன்னொரு படிப்பு. மண் பொறிமுறையும் பாறைப் பொறிமுறையும் ஏற்கெனவே கையில் இருப்பவர் அதையும் கற்றுக்கொண்டால் பெறுமதி தனி.

ஆனால் அடிப்படைப் பாடங்கள்? கனிமவியல், பாறையியல், கட்டமைப்புப் புவியியல், படிவுப் படையியல் (பாறை அடுக்குகளைப் பற்றியது) எல்லாம் சிவில்காரர் ஒரு செமஸ்டரில் தொட்டுவிட்டுப் போனவை. பல துறைகள் உங்களைச் சேர்த்துக்கொண்டு, இவற்றை இளநிலை மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லும். அதற்குக் காலமும் காசும் தனி. இதைச் சேருமுன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கூடவே, படித்த பாடங்களின் விரிவான உள்ளடக்கத்தைப் பீடத்திலிருந்து முத்திரையோடு எடுத்து வையுங்கள். வெறும் பெறுபேற்றுத்தாளைப் பார்த்து, நீங்கள் அதில் என்ன படித்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஏன் படிக்க வருகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'சிறுவயது முதலே கற்கள் மீது ஆர்வம்' என்று தொடங்கினால் வாசிப்பவர் கொட்டாவி விடுவார். நாம் இருக்கிற இடம் என்ன இடம்! கோணேசர் கோவில் நிற்கும் மலையின் குவார்ட்சைட், ஒரு காலத்தில் மணலாகக் கிடந்து பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. துறைமுக வாயிலுக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு. கன்னியாவில் வெந்நீர், ஆனால் இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழம் போய்ச் சூடேறித் திரும்பி வருகிறது. புல்மோட்டையில் அலை பிரித்துச் சேர்த்த இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனியங்கள் நிறைந்த கறுப்பு மணல். இவற்றில் ஒன்றைப் பிடித்து உங்களுக்கு என்ன கேள்வி வந்தது என்று எழுதுங்கள். கன்னியாவில் எரிமலை இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஊரில் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு.

விசாவுக்கு சென்னை யூடியூப் காணொளிகளை அப்படியே பின்பற்றுவதும் தவறு. ஜெர்மனிக்கு இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கப் பெறும் ஏபிஎஸ் சான்றிதழ் இலங்கையர் பெற வேண்டியதில்லை. வாழ்க்கைச் செலவுக்கான காசை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கு நமக்கும் உண்டு, 2024 செப்டெம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக இருந்தது, விண்ணப்பிக்கும் நாளில் தொகையைத் திரும்பப் பாருங்கள். பிரித்தானியாவுக்குக் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், நடுவில் ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கை உடைந்துவிடும்.

கள வேலைச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். அமெரிக்காவில் கோடைக் களப்பயிற்சி பெரும்பாலும் ஐந்தாறு வாரம், கட்டணம் தனி. சப்பாத்தும் மழை அங்கியும் போய் அங்கேயே வாங்குங்கள். திசைகாட்டியும் அப்படித்தான்: நம் அகலக்கோட்டுக்குச் சமப்படுத்திய ஊசி ஸ்கொட்லாந்தில் ஒருபக்கம் சாய்ந்து தட்டில் உரசும். சுத்தியல் கையில் வந்ததும் எல்லாப் பாறையையும் தட்டிப் பார்க்க ஆசை வரும். பிரித்தானியாவில் பாதுகாக்கப்பட்ட பாறைமுகங்களில் தட்டக்கூடாது, பேராசிரியர் முன்னால் தட்டினால் பேர் கெட்டுவிடும்.

இன்னொன்று, புல்மோட்டைக் கறுப்பு மணலை ஆய்வுக்கு என்று போத்தலில் அடைத்துப் பயணப் பெட்டிக்குள் வைக்கிற யோசனை. கனியங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அந்த மணலில், கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மொனசைட் என்ற கனியமும் கலந்திருக்கும். அவுஸ்திரேலியா என்றால் சாதாரண மண்ணையே உள்ளே விடமாட்டார்கள். மாதிரி தேவைப்பட்டால் அங்குள்ள மேற்பார்வையாளரிடம் சொல்லி, கடிதம் வாங்கி, முறைப்படி அனுப்புங்கள். மாதக்கணக்கில் இழுபடும், அதனால் முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.