சிவப்பு ஐசியை நீல ஐசியாக மாற்ற

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் காலமெல்லாம் பால் மரம் (ரப்பர்) சீவிய பாட்டி கையில் இன்னமும் சிவப்பு ஐசி (அடையாள அட்டை) இருந்தால், அவருக்கு இருப்பது நிரந்தர வசிப்பிடம் மட்டும்தான், குடியுரிமை (நீல ஐசி) இல்லை, ஓட்டுப் போட முடியாது. முதலில் சூராட் பெரானாக்கை (பிறப்புச் சான்றிதழை) தேடுங்கள். 1957 ஆகஸ்ட் 31க்கு முன் இங்கேயே பிறந்தவர் என்றால் அரசியலமைப்பின் 16ஆவது விதி: கடைசி 7 வருடத்தில் 5 வருடம் இங்கு இருந்திருக்க வேண்டும், அடிப்படை மலாய் போதும். கப்பலேறி வந்தவருக்கு 19ஆவது விதி, கடைசி 12 வருடத்தில் 10 வருடம் இங்கு இருந்திருக்க வேண்டும், மலாயும் கூடுதலாகத் தெரிய வேண்டும் (வயசான காலத்தில் இது அநியாயம்தான்). சரி, தேசியப் பதிவிலாகாவுக்குப் போகும்முன் வீட்டில் பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் மலாயிலேயே பேசுங்கள்: பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள் எத்தனை பேர். மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.