முயல் கூண்டும் பின்னல் வகுப்பும்: டர்பன் குளிர்காலத்தில் வாரத்தைத் திட்டமிடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முயல் வளர்ப்போருக்கும் கம்பளி பின்னுவோருக்கும் வேலை குவிவது ஒரே பருவத்தில்தான். கோடைப் புழுக்கத்தில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது ஆண் முயலின் இனப்பெருக்கத் திறன் குன்றுகிறது, சினை முயலும் மூச்சிரைத்து வாடுகிறது. ஆகவே குட்டி எடுக்க இங்கே குளிர்காலமான மே, ஜூன், ஜூலை மாதங்களே ஏற்றவை. எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் செவ்வாய், வியாழன் மாலைகளில் பின்னல் வகுப்பு நடப்பதும், ஜூலை 18 மண்டேலா நாளுக்குள் போர்வைகளை முடித்தாக வேண்டியிருப்பதும் அதே மாதங்களில்தான். மண்டேலாவின் உதவியாளராக இருந்த ஸெல்டா லா கிராஞ்ச் விடுத்த சவாலை ஏற்று, ஏழைகளுக்குப் போர்வை பின்னிக் கொடுக்கக் கரோலின் ஸ்டெய்ன் 2013இல் தொடங்கிய இயக்கம் ‘67 போர்வைகள்’. மண்டேலா பொதுவாழ்வுக்குக் கொடுத்த ஆண்டுகள் 67 என்பதே அந்தக் கணக்கு.

இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்த விரும்புபவர் முதலில் முயலின் நாட்கணக்கை எழுதிக்கொள்ள வேண்டும். வகுப்பை ஒரு நாள் தள்ளிப்போடலாம், சினைக்காலத்தைத் தள்ளிப்போட முடியாது. பெண் முயலுக்கு இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படுவதால், சேர்த்த நாள் தெரிந்தால் ஈனும் நாளை ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். சினைக்காலம் பெரும்பாலும் 30 முதல் 32 நாட்கள். நான் எப்போதும் புதன்கிழமை காலையில்தான் இணை சேர்க்கிறேன்; அதுவும் பெண் முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோய்விடுவேன், மாற்றிச் செய்தால் தன் இடத்தைக் காக்கப் பெண் முயல் சண்டைக்கு நிற்கும். புதனில் சேர்த்தால் 28ஆம் நாளும் புதன்தான்; அன்று ஈனும் பெட்டியை வைத்துவிட வேண்டும். குட்டிகள் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் ஒன்றில் பிறக்கும், வகுப்பு நாள் எதுவும் இடையில் வராது. அதேபோல ஜூன் 10 முதல் 18 வரை யாரும் இணை சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சேர்த்தால், போர்வைத் துண்டுகளை இணைக்கும் ஜூலை நடுவாரத்திலேயே குட்டிகளும் வந்து நிற்கும்.

ஈனும் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னல் பழகும் வீட்டில்தான் இந்தத் தவறு நேர்கிறது. வீட்டில் மிஞ்சிய கம்பளி நூல் மெத்தென்று இருக்கிறதே என்று முதல் ஆண்டில் அதை நான் பெட்டியில் பரப்பினேன். நான்காம் நாள் காலையில் பார்த்தபோது ஒரு குட்டியின் பின்னங்காலில் நூல் இழை சுற்றி இறுகி, பாதம் நீலம் பாரித்திருந்தது. சிறு கத்தரியால் இழையை வெட்டி எடுத்தேன். குட்டி பிழைத்தது, பாதம் தங்கவில்லை. பெட்டிக்குள் காய்ந்த புல் மட்டும் போதும். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மேலே பரப்பிக்கொள்ளும், அதைவிட நல்ல கம்பளி வேறில்லை. நூலைக் கூண்டருகே வைத்தால் முயல் கடித்து விழுங்கவும் கூடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், விழுங்கிய நூல் குடலை அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே நூலும் ஊசியும் மூடியுள்ள டப்பாவில், வீட்டுக்குள் இருக்கட்டும். கூண்டு வேலை முடிந்ததும் கையைக் கழுவி, மேல்சட்டையையும் மாற்றிய பிறகே பின்னலைத் தொட வேண்டும்.

காலை வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் புழுக்கையைப் பாருங்கள்; உருண்டையாக, காய்ந்து, நிறையக் கிடந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை, அன்று எந்த வேலை இருந்தாலும், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். டெஃப் அல்லது எராகுரோஸ்டிஸ் வகைக் காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். சினை முயலுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குதிரைமசால் கூடுதலாகக் கொடுக்கலாம். முருங்கைக் கீரை ஒரு பிடி நல்லது. அவகாடோ இலையும் பழமும் முயலுக்கு நஞ்சு. இங்கே பல கொல்லைகளில் அந்த மரம் நிற்பதால் கூண்டை அதன் நிழலில் வைக்காதீர்கள். குட்டிகள் பிறந்த பின், தாய் பெட்டிக்குள் இல்லையே என்று பதற வேண்டாம்; ஒரு நாளைக்கு ஓரிரு முறை, சில நிமிடங்களே அது பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டு திரண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது, தோல் சுருங்கியிருந்தால் பட்டினி.

வகுப்பைப் பொறுத்தவரை, புதிதாகச் சேர்பவர் 4 மில்லிமீட்டர் ஊசியும் டபிள் நிட் எனப்படும் நடுத்தரக் கனமுள்ள நூலும் வாங்கினால் போதும். போர்வை அடிக்கடி துவைக்கப்படும் என்பதால் ஆக்ரிலிக் நூலே ஏற்றது. அங்கோரா நூல் முயல் மயிர் என்பதும், மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர் என்பதும் பலருக்குக் குழப்பம். நம் நாடு பெயர் பெற்றது ஆட்டு மயிருக்கு. முதலில் சிறு மாதிரி ஒன்று பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். 21 வந்தால், 20 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 42 கண்ணிகள் ஏற்ற வேண்டும். எல்லா வரிசைகளையும் நிட் (நேர்க்கண்ணி) ஆகவே பின்னுங்கள். இத்தகைய 64 சதுரங்களை எட்டுக்கு எட்டாக இணைத்தால் 160 சென்டிமீட்டர் போர்வை கிடைக்கும். கண்ணி நழுவினால் பிரித்துவிடாதீர்கள். ஏணிபோல் தொங்கும் இழைகளில் கீழ்ப் படியைக் குரோஷே ஊசியால் கண்ணிக்குள் இழுத்து, ஒரு படியை முன்பக்கமாகவும் அடுத்ததைப் பின்பக்கமாகவும் ஏற்றிக்கொண்டே போனால் வரிசை முன்போல் அமைந்துவிடும். எங்கள் வகுப்பில் ஆயா ஒருவர் கண்ணாடி கூட அணியாமல் இதைச் செய்து காட்டுவார்.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் வீடாக இருந்தால் கூண்டுத் தட்டைக் கழுவும் வேலையை அன்று காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஈனும் பெட்டி வைத்த வாரத்தில் மட்டும் தட்டை முந்தைய செவ்வாயன்றே கழுவிவிட்டு, வெள்ளி முதல் ஞாயிறு வரை புல்லும் தண்ணீரும் வைப்பதோடு நிறுத்தி, தாயை அமைதியாக விட்டுவிட வேண்டும். அந்த மூன்று நாட்களில் கைக்குக் கிடைக்கும் ஓய்வில் மிச்சமுள்ள சதுரங்களைப் பின்னிவிடலாம்.