விற்றுவிட்ட டிக்கெட்டுகளை மென்பொருளில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் ஓர் இசை விழாவுக்கோ நாடகத்துக்கோ டிக்கெட் விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் மட்டும் விற்பதில்லை. அச்சகத்தில் வரிசை எண்ணிட்டு அடித்த டிக்கெட் புத்தகங்கள் முதலில் கடைகளுக்கும் உறுப்பினர்களுக்கும் போய்விடும். தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு போகும். இணையத்தில் விற்பதற்கான மென்பொருள் அதன் பிறகுதான் வந்து சேரும். அப்போது ஏற்கெனவே விற்ற டிக்கெட்டுகளின் குறியீடுகளையும் வாங்கியவர்களின் விவரங்களையும் அதில் ஏற்ற வேண்டியதாகிறது. லட்சுமி சுந்தரம் ஹாலாக இருந்தாலும் தமுக்கமாக இருந்தாலும், பணம் கொடுத்து வாங்கியவர் வாசலில் ‘செல்லாத டிக்கெட்’ என்று நிறுத்தப்பட்டால், அந்தப் பிழை பெரும்பாலும் பட்டியலை ஏற்றிய நாளிலேயே நேர்ந்திருக்கும்.

குறியீட்டை ஓர் எண்ணாகக் கருதுவதுதான் மிகப் பரவலான தவறு. 0047 என்று அச்சிட்ட டிக்கெட் எக்செல்லில் 47 ஆகிவிடுகிறது; வாசலில் ஸ்கேனர் 0047 என்று படிக்கும், மென்பொருளோ 47 என்பதை மட்டுமே அறிந்திருக்கும். எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்வதால், 16 இலக்கக் குறியீட்டின் கடைசி இலக்கம் பூச்சியமாகி, அடுத்தடுத்த பத்து டிக்கெட்டுகள் ஒரே குறியீட்டில் வந்து நிற்கும். எண்களுக்கு நடுவே ஆங்கில ‘ஈ’ எழுத்து வந்தால் அதைப் பத்தின் அடுக்காகவும், ஆங்கில மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளோடு எண் சேர்ந்து வந்தால் தேதியாகவும் அது மாற்றிவிடும். இவையெல்லாம் கோப்பைத் திறந்த கணத்திலேயே நடப்பதால், பிறகு அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ (எழுத்து வகை) என்று மாற்றினாலும் பயனில்லை. எல்லாக் குறியீடுகளும் நான்கு இலக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் விட்டுப்போன பூச்சியங்களை மீண்டும் சேர்க்கலாம். ஆனால் தொலைந்த பதினாறாவது இலக்கத்தை அச்சகத்தின் மூலக் கோப்பிலிருந்துதான் பெற முடியும். எனவே சிஎஸ்வி கோப்பை (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லின் ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, குறியீட்டு நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

டிக்கெட்டில் கண்ணுக்குத் தெரியும் எண்ணும் அதிலுள்ள க்யூஆர் கோடு அல்லது பார்கோட்டுக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவது இதைவிடக் கவனிக்கப்படாத தவறு. க்யூஆர் கோட்டுக்குக் கீழே சிறிய எண் ஒன்று அச்சாகியிருக்கும்; உள்ளேயோ அந்த எண்ணை இறுதியில் கொண்ட ஒரு முழு இணைய முகவரி இருக்கலாம். கடைப் பொருட்களில் காணும் இஏஎன்-13 வகைப் பார்கோட்டில் 12 இலக்கங்களைக் கொடுத்தால் பதின்மூன்றாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகக் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகிறது. அச்சகத்துக்குக் கொடுத்த 12 இலக்கப் பட்டியலையே மென்பொருளிலும் ஏற்றினால், வாசலில் 13 இலக்கம் படிக்கும் ஸ்கேனர் ஒரு டிக்கெட்டைக்கூட ஏற்காமல் போகலாம். வாங்கியவர் கையில் இருக்கும் டிக்கெட்டை இனி மாற்ற முடியாது. மென்பொருள்தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு வகை டிக்கெட்டிலும் ஒன்றைக் கையில் எடுத்து, சாதாரணக் கைப்பேசிச் செயலியால் படித்து, திரையில் வரும் எழுத்துகளை ஓரத்து இடைவெளி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட அப்படியே பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அச்சடித்த எண்கள் அனைத்தையும் மொத்தமாக ஏற்றிவிடுபவர்களும் உண்டு. வேலை சுலபம்தான், ஆனால் விற்காமல் திரும்பி வந்த புத்தகங்கள், காணாமல் போனவை, பணம் திருப்பிக் கொடுத்தவை எல்லாம் செல்லுபடியாகும் டிக்கெட்டுகளாகிவிடும். வரிசை எண்களை எவரும் ஊகிக்க முடியும் என்பதால், 0047-ஐ வைத்திருப்பவர் 0048-க்கு ஒரு கோடு உருவாக்கிக்கொண்டு வந்தாலும் வாசல் திறந்துவிடும். அடிக்கட்டைகளை வாங்கிச் சரிபார்த்து, உண்மையில் விற்றவற்றை மட்டுமே ஏற்ற வேண்டும். ஏற்றியவை மொத்த இருக்கைக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றனவா என்பதையும் உடனே பார்க்க வேண்டும். சில மென்பொருள்களில் அதற்குத் தனித் தெரிவு இருக்கும். பார்க்கத் தவறினால் ஒரே நாற்காலி இரண்டு குடும்பங்களுக்கு விற்கப்படும்.

வாங்கியவர் விவரங்களில் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் பல. பல மென்பொருள்கள் மின்னஞ்சலைக் கொண்டே ஒருவரை அடையாளம் காண்கின்றன. கடையில் டிக்கெட் வாங்கியவர்களில் பலர் மின்னஞ்சல் கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்காக எல்லாருக்கும் விழாக் குழுவின் முகவரியையே நிரப்பினால், அத்தனை பேரும் ஒரே வாடிக்கையாளராக ஒன்றிணைக்கப்படலாம். கற்பனையாக ஒரு முகவரியை எழுதுவது அதைவிட மோசம், ஏனென்றால் அது முகம் தெரியாத எவருடையதாகவோ இருக்கக்கூடும். மின்னஞ்சல் கட்டாயமில்லை என்று அமைத்துவிட்டு, கைப்பேசி எண்ணைக் கொண்டு அடையாளம் காண்பதே நல்லது. அந்த எண்ணையும் டெக்ஸ்டாகவே வைக்க வேண்டும்: 91 சேர்ந்த 12 இலக்க எண்ணை எக்செல் அடுக்கு வடிவில் சுருக்கிக் காட்டும், அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் தங்கிவிடும்.

பெயரின் முன்னே இனிஷியல் எழுதும் நம் வழக்கத்தையும் மென்பொருள் அறியாது. மு. கண்ணன் என்பதை இடைவெளியில் பிரித்து இரு நெடுவரிசைகளாக்கினால், அவருக்குப் போகும் கடிதம் ‘வணக்கம் மு.’ என்று தொடங்கும். பெயரை முழுமையாக ஒரே இடத்தில் வைப்பதுதான் மரியாதை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்களில் உண்மையில் இருப்பவை வேறு குறிகளே என்பதால், அவற்றை யூனிகோடுக்கு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றாமல் ஏற்றக் கூடாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் டிடிபி நிலையங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. யூனிகோடில் இருக்கும் பெயர்களும், ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையில் சேமிக்காவிட்டால், வெறும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும்.

ஏற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன், தானியங்கி மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால், மாதக் கணக்கில் முன்பே டிக்கெட் வாங்கியவருக்குப் புதிய குறியீட்டோடு இன்னொரு டிக்கெட் போய்ச் சேரலாம். ஓர் இருக்கைக்கு இரண்டு டிக்கெட்டுகள் உலவும். வயது, வீட்டு முகவரி போன்ற தேவையற்ற விவரங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் விவரம் சேர்ப்பதை ஏற்பதில்லை. பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதை அறவே விட்டுவிட வேண்டும்.

முழுப் பட்டியலை ஏற்றும் முன் பத்துப் பன்னிரண்டு வரிசைகளை மட்டும் ஏற்றி, ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஓர் அச்சு டிக்கெட்டை வாசலில் பயன்படுத்தப்போகும் அதே கைப்பேசியால் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அதே டிக்கெட்டை இரண்டாம் முறை ஸ்கேன் செய்யும்போது ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வர வேண்டும். ஒத்திகை முடிந்ததும் அந்த ஸ்கேன் பதிவை மறக்காமல் நீக்க வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம் பக்கம் நிகழ்ச்சி வைப்பவர்கள், அவ்வளவு கூட்டத்தில் கைப்பேசி இணையம் திணறலாம் என்பதை எண்ணி, அரங்குக்குப் புறப்படும் முன்பே எல்லாக் கைப்பேசிகளிலும் பட்டியலை இறக்கிவைத்து, திருத்தம் செய்யாத மூலப் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்றையும் வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.