கடற்காற்று தின்ற மேக் வீலுக்கு வீட்டிலேயே புதுப் பெயிண்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ‘மேக்’ என்று சொல்லும் சக்கரத்தில் மக்னீசியம் பெயரில்தான் இருக்கிறது. இன்று ஓடுபவை கிட்டத்தட்ட எல்லாமே அலுமினியக் கலவை. அதன் விளிம்பில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், கல்லடி பட்ட ஏதோ ஓர் இடம் வழியாக உப்பு ஈரம் மேலே பூசிய நிறமற்ற லாக்கருக்கு அடியில் நுழைந்துவிட்டது. மெர்பேங்க், பிளஃப் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் இது சீக்கிரமே வரும். மேலே பெயிண்ட் அடித்து மூடினால் அரிப்பு அடியில் தொடர்ந்து ஊர்ந்து, புதுப் பூச்சையும் தூக்கிவிடும். உலோகம் வரை உரித்து, அரிப்பை வேரோடு எடுத்தால்தான் வேலை நிலைக்கும்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரியில் காற்றில் ஈரம் அதிகம். அப்போது லாக்கர் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது, அதனால்தான். தீபாவளிக்கு வண்டி பளபளக்க வேண்டுமென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். அந்த மாதங்களில் உள்நாட்டிலிருந்து சூடான பெர்க் காற்று வீசும் நாளை மட்டும் விட்டுவிடுங்கள். பெயிண்ட் பறக்கும்போதே காய்ந்து மணல் மணலாகப் படியும், தூசியும் ஒட்டும்.

எல்லாச் சக்கரமும் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. விரிசல் விட்டது, வளைந்தது, குரோம் பூசியது ஆகியவற்றைத் தொடாதீர்கள். முகப்பை லேத்தில் கடைந்து மினுக்கிய சக்கரத்தை ஒரே நிறமாக மாற்றலாம், பழைய கடைசல் மினுக்கு வீட்டில் திரும்பாது.

டயரைக் கழற்றாமல் செய்ய முடியும், ஆனால் விளிம்பு மடிப்பில்தான் அரிப்பு ஒளிந்திருக்கும். டயர் கடையில் கொடுத்துக் கழற்றி வாங்குவதே நல்லது. வால்வு, காற்றழுத்த சென்சார், சக்கரத்தைச் சமன்செய்ய வைக்கும் ஈயக் கட்டைகள் எல்லாம் வெளியே வரட்டும். சக்கரம் இல்லாத வண்டி ஜாக்கியின் மேல் நிற்கக் கூடாது, செங்கல்லின் மேலும் கூடாது. கெட்டியான ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

15 அங்குலச் சக்கரம் நான்குக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பெயிண்ட் ரிமூவர் வேண்டும். 400 மில்லி ஸ்ப்ரே டப்பாக்களில், உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர் 1, கீறலை நிரப்பும் ஃபில்லர் பிரைமர் 2, நிறம் 3, லாக்கர் 3 வாங்குங்கள். 80, 180, 320, 600 எண் உப்புத்தாள்களும், கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடியும் கட்டாயம். சாதாரண தூசி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது.

சன்லைட் பாத்திர சோப்பு கரைத்த நீரில் கழுவிக் காயவைத்தபின் ரிமூவரை 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனாக, ஒரே திசையில் பூசுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் மேலே உருவாகும் படலம் உடைந்து மருந்து ஆவியாகிவிடும். கறுப்புக் குப்பைப் பையால் மூடி 30 நிமிடம் விடுங்கள். பெயிண்ட் சுருங்கி எழும்பும், பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். கம்பெனிப் பூச்சு இரண்டு, மூன்று சுற்றிலும் முழுதாக விடாது, பொறுமை வேண்டும். மெல்லிய கையுறையை இந்த மருந்து உருக்கும், டப்பாவில் சொல்லியிருக்கும் தடித்த வகையையே போடுங்கள், கண்ணாடியும் அணியுங்கள். சுரண்டிய சேற்றை மழைநீர்க் கால்வாயில் தள்ளாதீர்கள், அது ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. டப்பாவில் மூடி அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

காஸ்டிக் சோடா சிக்கனம் என்று சொல்பவர்கள் உண்டு. இரும்புச் சக்கரத்துக்கு அது சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துத் தின்னும், எரியக்கூடிய ஹைட்ரஜனையும் கிளப்பும். தீச்சுடர் காட்டி உரிப்பதும் வேண்டாம், பதப்படுத்திய அலுமினியம் சூட்டில் வலுவிழக்கும். எஃகு வயர் பிரஷ்ஷின் இரும்புத் துகள் உலோகத்தில் பதிந்து பின்னாளில் துருப்புள்ளி ஆகும்.

இனி அரிப்பு. வெள்ளைப் பொடி இருந்த இடத்தை 80 உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, சுற்றி இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவும் போங்கள். குழிக்குள் சாம்பல் நிறப் புள்ளி மிஞ்சினாலும் அது விதைதான், கூர்முனை கொண்டு தோண்டி எடுங்கள். பிறகு 180, அதன்பின் 320. நடைபாதைக் கல் உரசிய ஓரத்தை அரத்தால் சமன்செய்து, ஆழமாக இருந்தால் அலுமினியப் புட்டி வைக்கலாம். டயர் உட்காரும் மடிப்பில் மட்டும் புட்டி வைக்காதீர்கள், காற்று கசியும்.

சுத்தமான அலுமினியத்தை இரவு முழுக்கக் கடற்காற்றில் விடாதீர்கள். தேய்த்த அன்றே பிரைமர் ஏறவேண்டும். அதற்கு முன் எண்ணெய் நீக்கியை ஒரு துணியால் தடவி, உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கை படக்கூடாது.

வண்டியின் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) ஒட்டும் பின்முகத்தையும் நட் உட்காரும் குழியையும் டேப்பால் மறைத்துவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே பெயிண்ட் இருந்தால் வண்டி ஓடும்போது நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும்.

எட்ச் பிரைமர் உலோகம் லேசாகத் தெரியும் அளவு மெல்லியதாகப் போதும். கெட்டியாக அடித்தால் உள்ளே மென்மையாகவே நின்று உரியும். அதன்மேல் ஃபில்லர் பிரைமர் இரண்டு கோட். நன்றாகக் காய்ந்தபின் 600-ல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எட்ச் வெளியே தெரியும்படி தேய்த்துவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்ப பிரைமர் கொடுங்கள்.

நிறத்துக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, ஸ்போக்கின் பக்கவாட்டுகளையும் துளைகளையும் முதலில் அடித்து, முகப்பைக் கடைசியில் எடுங்கள். கோட்டுக்குக் கோட்டு 10 முதல் 15 நிமிட இடைவெளி, மூன்று நான்கு மெல்லிய கோட். வெள்ளி நிறத்தில் கடைசிக் கோட்டை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பனிபோலத் தூவினால் திட்டுத்திட்டாகத் தெரியாது. டப்பாவில் சொன்ன மறுபூச்சு நேரம் தவறினால் பொறுத்திருங்கள். அரைகுறையாகக் காய்ந்த அடுக்கைப் புதுக் கரைப்பான் கிளப்பினால் பூச்சின் தோல் சுருங்கும்.

லாக்கர் இரண்டு மூன்று கோட். ஹார்டனர் கலந்த 2கே வகை கெட்டிதான், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வீட்டுக் கராஜில் அது வேண்டாம், அந்தக் கடைசிக் கோட்டைப் பேனல் பீட்டரிடம் (வண்டி பாடி, பெயிண்ட் வேலை செய்பவரிடம்) விடுங்கள்.

டயர் ஏற்ற ஒரு வாரம் பொறுங்கள். மெஷின் கவ்விக்குப் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லுங்கள், விளிம்பில் அடிக்கும் ஈயக் கட்டைக்குப் பதில் உள்ளே ஒட்டும் வகையைக் கேளுங்கள். விளிம்பில் கிளிப் கீறிய இடத்தில்தான் உப்பு மறுபடி நுழைகிறது. நட்களை எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் பாருங்கள். ஒரு மாதத்துக்குச் சக்கர ஆசிட் பக்கம் போகவேண்டாம், வெறும் சோப்பு நீர் போதும்.