சொந்த பில்லிங் டேட்டாபேஸ, ஸ்லோவான கணக்கு சாஃப்ட்வேரோட இணைக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் யாவாரிக்கு வேல பண்ணிக் கொடுத்ததுல படிச்சதத்தான் இங்க எழுதுதேன். ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் (செரட்டலயும் வெட்டுலயும் ஒட்டி உறைஞ்ச பால்) எடுக்கிற கட. தராசு பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர், அதுல நாங்க எழுதின சாஃப்ட்வேர், விவசாயி பேரு, எடை, ஈரத்துக்கு கழிவு, அன்னைக்கு வெல, முன்னாடி வாங்கின அட்வான்ஸ் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல போய் உக்காரும். ஆடிட்டருக்கு வேண்டிய கணக்கு மட்டும் வேற ஒரு கம்பெனி சாஃப்ட்வேர்ல. ஒரே பில்ல ரெண்டு எடத்துல டைப் பண்ண முடியாது, ரெண்டையும் இணைச்சு தாங்கன்னு கேட்டாங்க. ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும்னு நெனச்சேன், சரியா ஓட ஒரு சீசன் ஆச்சு.

சேவ் அமுக்கினதும் எங்க டேட்டாபேஸ்ல எழுதி, அப்பவே கணக்கு சாஃப்ட்வேருக்கும் அனுப்பி, அங்கேருந்து பதில் வந்த பொறகுதான் சீட்டு பிரிண்ட் ஆகணும்னு நான் வச்சிருந்தேன். இதுதான் முதல் தப்பு, பெரும்பாலும் எல்லாரும் பண்ற தப்பும் இதுதான். டெஸ்ட் பண்ணும்போது ஒரு செகண்டுல வந்துச்சு. ஆனா கார்த்திகை மார்கழில பால்வெட்டு நல்லா ஓடுற நேரம், சாயங்காலம் பைக் பின்னால ஷீட்ட கட்டிட்டு ஆளுக வரிசையா நிக்காங்க, உள்ள அக்கவுண்ட்ஸ் பாக்கிற அக்கா ஏதோ ரிப்போர்ட் எடுக்காவ, வெளிய ஒரு சீட்டு வர 20, 25 செகண்ட் ஆகுது. "மக்கா, கையால எழுதினாலே இதுக்கு மின்ன முடியும்லா"ன்னு முதலாளி கேட்டார். பதில் சொல்ல ஒண்ணும் இல்ல, அவர் சொன்னது சரி.

கவுண்டர்ல நிக்கிறவன் கணக்கு சாஃப்ட்வேருக்காக ஒரு செகண்ட் கூட காத்து நிக்கக்கூடாது. பில் டேபிள்ல ஒரு வரி எழுதும்போதே, அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள, 'அனுப்ப வேண்டியது'ன்னு இன்னொரு டேபிள்லயும் ஒரு வரி எழுதிருங்க. ரெண்டும் சேந்து பதியும், இல்லன்னா ரெண்டுமே பதியாது. சீட்டு உடனே பிரிண்ட் ஆகும், ஆளு வீட்டுக்கு போவான். பின்னால தனியா ஓடுற ஒரு சின்ன புரோகிராம் அந்த டேபிள்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து அதால முடிஞ்ச வேகத்துல அனுப்பட்டும். இதுக்கு பெரிய கியூ சாஃப்ட்வேர் எல்லாம் வாங்க வேண்டாம், ஒரு நாளைக்கு சில நூறு பில்லுக்கு ஒரு டேபிளே தாராளம். இந்த வரிசைய மெமரில வைக்காதீங்க, டேபிள்லயே வைங்க, ஏன்னா நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. ரெண்டு பருவமழையும் கெடைக்கிற ஜில்லா, 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப எத்தன நாள் இருட்டுல இருந்தோம்னு எல்லாருக்கும் நெனவு இருக்கும். யூபிஎஸ் அரை மணிக்கூர் தாங்கும், அதுக்கு மேல டிஸ்க்ல எழுதினது மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது எனக்கு இன்னும் மனசுல உறுத்துற தப்பு, டைம்அவுட் ஆனா 'போகல'ன்னு அர்த்தம் எடுத்துக்கிறது. 30 செகண்டுல பதில் வரலன்னா மறுபடி அனுப்புன்னு கோடு எழுதியிருந்தேன். பதில் வரலன்னா என்ன அர்த்தம், தெரியாதுன்னுதான் அர்த்தம், அங்க பதிவாகியும் இருக்கலாம் ஆகாமலும் இருக்கலாம். அந்தப் பக்கம் மெதுவா 35 செகண்டுல பதிஞ்சு முடிச்சிருக்கு, நான் அதுக்குள்ள பதியலன்னு நெனச்சு ரெண்டாவது தடவையும் அனுப்பி வச்சிருக்கேன். அந்த மாசத்துல 41 கொள்முதல் ரெட்டையா ஏறியிருந்தது. கணக்குப்படி குடோன்ல இருக்க வேண்டிய ஷீட்டுக்கும் உண்மையில இருக்கிறதுக்கும் மூணு டன்னுக்கு கொஞ்சம் கம்மியா வித்தியாசம். அக்கா ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்து ஒவ்வொரு சீட்டா எடுத்து பாத்தாவ, குடோன்ல வேல செய்யிற பையன கூட ஒரு நாள் சந்தேகமா கேள்வி கேட்டிருக்காங்க. ஒரு மனுசன் மேல சந்தேகம் வர்ற அளவுக்கு என் கோடு பண்ணிருச்சேன்னு அன்னைக்கு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

அதனால ஒவ்வொரு பில்லுக்கும் நம்ம டேட்டாபேஸ்லயே மாறாத ஒரு தனி அடையாளம் குடுங்க, அதையும் வவுச்சரோட (கணக்கு சாஃப்ட்வேர்ல ஏறுற ஒவ்வொரு பதிவுக்கும் அதுதான் பேரு) சேத்து அனுப்புங்க, அதுக்குன்னு எடம் இல்லாத சாஃப்ட்வேர்னா ரெஃபரன்ஸ் நம்பர்லயோ, குறிப்பு எழுதுற நேரேஷன்லயோ போடுங்க. டைம்அவுட் ஆச்சுன்னா உடனே திருப்பி அனுப்பாம, மொதல்ல 'இந்த அடையாளத்துல ஏதாவது இருக்கா'ன்னு கேளுங்க, இல்லன்னு பதில் வந்தா மட்டும் அனுப்புங்க. வெறும் பில் நம்பர அடையாளமா வச்சிராதீங்க. ஜிஎஸ்டில இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்துக்குள்ள இருக்கணும், ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வரக்கூடாதுன்னுதான் விதி, அடுத்த நிதியாண்டுல திரும்ப வரலாம். நிறைய கடைல ஏப்ரல் 1 அன்னைக்கு நம்பர் மறுபடி 1ல இருந்து ஆரம்பிக்கும், அப்ப உங்க புரோகிராம் போன வருசத்து 1ஆம் நம்பர பாத்துட்டு 'இது ஏற்கனவே இருக்கே'ன்னு புது பில்ல தள்ளி விட்டுரும்.

ஸ்லோவா இருக்குன்னு ஒரே நேரத்துல பத்து கனெக்‌ஷன் திறந்து அனுப்புறவங்களும் உண்டு. ஒத்த ஆள் இருக்கிற ரேஷன் கடைல பத்து பேரு ஒரேயடியா கார்டு நீட்டினா வேகமா நடக்குமா. நம்ம ஊர்ல அதிகம் புழங்குற டேலி பிரைமையே எடுத்துக்கிடுங்க, அத சர்வரா ஓட விட்டா வழக்கமா 9000 போர்ட்ல எக்ஸ்எம்எல் (டேட்டாவ குறி போட்டு எழுதுற ஒரு வடிவம்) வாங்கிக்கும், நம்ம கம்பெனி (டேலில ஒரு கடையோட மொத்த கணக்குக்கும் அதுதான் பேரு) அங்க திறந்து இருக்கணும், ஒரு கோரிக்கைய முடிச்சுட்டுதான் அடுத்தத எடுக்கும். கிளவுட் பக்கம் போனா சோகோ புக்ஸ்ல ஒரு நிறுவனத்துக்கு நிமிசத்துக்கு 100 ஏபிஐ கோரிக்கைன்னு (வெளி புரோகிராம் அனுப்புற கோரிக்கை) வரம்பு இருக்கு, அதுக்கு மேல போனா 429ங்கிற எர்ரர் நம்பரோட திருப்பி விடும். வேகத்தோட எல்லை அந்தப் பக்கம் இருக்கு, அதனால ஒரே ஒரு வரிசைல அனுப்புங்க, தோத்தா கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி கூட்டிட்டே போங்க. பல வவுச்சர ஒரே கோரிக்கைல கட்டி அனுப்ப முடியும்னா அனுப்புங்க, ஆனா ஆயிரத்த ஒண்ணா கட்டாதீங்க, நடுவுல ஒண்ணு தப்பானா எது ஏறிச்சு எது ஏறலன்னு தேடவே நேரம் போயிரும். எனக்கு 20, 25 சரியா வந்துச்சு.

திருப்பி டேட்டா எடுக்கும்போதும் இதே கவனம் வேணும். பகல் 11 மணிக்கு மொத்த வருச கணக்கையும் இழுத்தா உள்ள வேல பாக்கிறவங்க ஸ்கிரீன் அப்படியே நின்னுரும். டேலில ஒவ்வொரு மாத்தத்துக்கும் கூடிட்டே போற ஆல்ட்டர் ஐடின்னு ஒரு நம்பர் உண்டு, போன தடவ எதுவரைக்கும் எடுத்தோம்னு குறிச்சு வச்சுக்கிட்டு அதுக்கு மேல உள்ளத மட்டும் கேட்டா போதும். வேற சாஃப்ட்வேர்னா 'கடைசியா மாத்தின நேரம்'னு ஒண்ணு இருக்கும். அதோட ஓடிபிசி (ஒரு புரோகிராம் இன்னொண்ணோட டேட்டாவ தொடுற ஒரு பொது வழி) வழியா டேலில எழுதலாம்னு நெனச்சு நாள வீணாக்காதீங்க, அது படிக்க மட்டும்தான்.

பதில் வந்துச்சுன்னா வேல முடிஞ்சுதுன்னும் நெனைக்க வேண்டாம். எச்டிடிபில 200னு, அதாவது கோரிக்கை நல்லா வந்து சேந்துச்சுன்னு வரும், உள்ள திறந்து பாத்தா 'கிரியேட்டட் 0, எர்ரர்ஸ் 1'னு இருக்கும், கூடவே லைன் எர்ரர்னு காரணமும் இருக்கும். அந்த உள் பதில முழுசா அப்படியே டேபிள்ல தனி எடம் ஒண்ணுல சேவ் பண்ணி வைங்க, மூணு மாசம் கழிச்சு அது ஒண்ணுதான் உங்களுக்கு சாட்சி. எப்படி அனுப்பினாலும் ஏறாத பில்லுன்னு சிலது இருக்கும், அத அஞ்சு தடவைக்கு மேல முட்டாம ஓரமா எடுத்து வச்சு அக்கவுண்டன்டுக்கு காட்டுங்க, இல்லன்னா அது ஒண்ணு வழிய மறிச்சு பின்னால உள்ள எல்லாத்தையும் நிறுத்திரும்.

பேரு விசயத்துல நம்ம ஆளுக படுற பாடு தனி. டேலி மாதிரி சாஃப்ட்வேர்ல வவுச்சர் லெட்ஜர் (ஒரு ஆளுக்கோ ஒரு இனத்துக்கோ உள்ள தனிக் கணக்கு) பேர வச்சுதான் போய் சேரும். ஒரு புள்ளி, ஒரு ஸ்பேஸ் கூடிச்சுன்னா அது வேற ஆளு. பேருக்கு நடுவுல 'அண்ட்' குறி (&) இருந்தா எக்ஸ்எம்எல்ல அத எஸ்கேப் பண்ணலன்னா, அதாவது &னு மாத்தி எழுதலன்னா, மொத்த கட்டும் உடையும். இன்னொண்ணு, பழைய டேட்டாபேஸ்ல விவசாயிக பேரு பாமினி ஃபான்ட்ல அடிச்சு வச்சிருப்பாங்க, ஸ்கிரீன்ல தமிழா தெரியும், உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துக்குப்பை. அத யூனிகோடுக்கு மாத்தாம அனுப்பினா லெட்ஜர் லிஸ்ட் முழுக்க புரியாத எழுத்தா நிக்கும். மொதல்ல மாத்துங்க, அப்புறம் நம்ம ஐடிக்கும் அங்கத்த லெட்ஜருக்கும் ஒரு மேப்பிங் டேபிள் போடுங்க, லெட்ஜர் இல்லன்னா தானா உருவாக்கிற வசதிய அணைச்சு வைங்க. ஆயிரம் சில்லறை விவசாயிக்கு ஆயிரம் லெட்ஜர் வேணுமா, இல்ல ஒரே கொள்முதல் லெட்ஜர் போதுமாங்கிறத ஆடிட்டர்ட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா முடிவு எடுக்காதீங்க.

வரி கணக்க ரெண்டு எடத்துல போடாதீங்க. நம்ம ஜில்லாவுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா களியக்காவிளை தாண்டினா பாறசாலை, டீ ஆறுறதுக்குள்ள போயிரலாம், ஆனா அது வேற மாநிலம். நம்ம ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்கும், அவங்களது 32ல. நம்ம கடைல இருந்து தக்கலைக்கு போற சரக்குக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு மத்திய, மாநில வரி ரெண்டரை ரெண்டரை சதவீதம்னா, அதே ரப்பர் ஷீட்ட பாறசாலை யாவாரிக்கு வித்தா மாநிலம் தாண்டுற சரக்குக்குள்ள ஐஜிஎஸ்டி 5 சதவீதம். லெட்ஜர்ல மாநிலம்ங்கிற எடம் காலியா இருந்து, அந்த சாஃப்ட்வேர் அத உள்ளூர்னு எடுத்துக்கிட்டா, சீட்டுல ஒரு வரி கணக்குல வேற வரி. வரிய பில் போடும்போதே கணக்கு பண்ணி சேவ் பண்ணிருங்க, அந்த தொகைய அப்படியே அனுப்புங்க, அந்தப் பக்கம் மறுபடி கணக்கு போட விடாதீங்க.

பைசாவும் அப்படித்தான். 1,234.50 ரூபாய்க்கு ரெண்டரை சதவீதம் 30.86, ரெண்டு தடவ போட்டா 61.72. அஞ்சு சதவீதமா ஒரேயடியா போட்டு ரவுண்ட் பண்ணா 61.73. ஒரு பைசா தான், ஆனா வவுச்சர்ல டெபிட்டும் கிரெடிட்டும் சமமா வரலன்னா ஏறாது. டேட்டாபேஸ்ல தொகைய தோராயமா வைக்கிற ஃப்ளோட் வேண்டாம், பைசா மாறாம வைக்கிற நியூமெரிக் வைங்க, ரவுண்ட் ஆஃபுக்கு தனி வரி போடுங்க.

எந்த விவரத்துக்கு எந்தப் பக்கம் சொந்தக்காரன்னு முடிவு பண்ணாம ரெண்டு பக்கமும் சிங்க் போடுறதுதான் பிற்பாடு பெரிய தலவலி. எடையும் வெலயும் நம்ம டேட்டாபேஸ் சொல்றதுதான், பேங்க் வரவும் ஜர்னலும் கணக்கு சாஃப்ட்வேர் சொல்றதுதான்னு எழுதி வச்சு முதலாளி, அக்கவுண்டன்ட், ஆடிட்டர் மூணு பேரும் பாத்து சரின்னு சொல்லணும். ஏறின பில்ல திருத்தணும்னா நம்ம பக்கம் திருத்தி அனுப்புங்க. கம்பெனி சட்டத்துல பதிவான கம்பெனியா இருந்தா, 2023 ஏப்ரல் 1ல இருந்து அழிச்சது மாத்தினது எல்லாத்துக்கும் அணைக்க முடியாத எடிட் லாக் வைக்கிற சாஃப்ட்வேர்லதான் கணக்கு எழுதணும், ரெட்டையா ஏத்தி அழிச்சதும் அதுல அப்படியே நிக்கும். அதோட, 2023ல குவிக்புக்ஸ்ங்கிற கணக்கு சாஃப்ட்வேர இந்தியாவுல நிறுத்தினாங்க, அத நம்பி கோட முழுக்க பின்னி வச்சிருந்தவங்களுக்கு எல்லாத்தையும் பிரிச்சு எழுத வேண்டி வந்திருக்கும். அனுப்புற பகுதி மட்டும் தனி ஃபைலா இருந்தா நாளைக்கு அத மட்டும் மாத்தினா போதும்.

எங்க கடைல இப்ப ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சின்ன கணக்கு தானா ஓடுது. அன்னைக்கு ரெண்டு பக்கமும் எத்தன பில், மொத்தம் எத்தன ரூபா, எத்தன கிலோ, மூணு நம்பரும் ஒத்துப் போகுதான்னு பாத்து அக்காவோட வாட்ஸப்புக்கு ஒரு வரி அனுப்பும், ஒத்துப் போகலன்னா எந்த சீட்டுன்னும் சொல்லும். மாசக் கடைசில தேடுறதுக்கு அன்னைக்கே தேடினா சீட்டு கொண்டு வந்த ஆளோட முகம் கூட நெனவுல இருக்கும். மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல ஜிஎஸ்டிஆர் 1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதின்னு நெருங்கும்போது கூட அக்கா இப்பல்லாம் ஆறு மணிக்கு கிளம்பிருதாவ.

நீங்க இத ஆரம்பிக்கப் போறீங்கன்னா, நெஜ கம்பெனில தொடாம அதோட காப்பி ஒண்ண எடுத்து 100 பில் அனுப்புங்க, பாதில லேன் வயர புடுங்குங்க, அந்த கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுங்க, அந்தப் பக்கம் பெரிய ரிப்போர்ட் ஒண்ண ஓட விடுங்க, எல்லாம் பண்ணிட்டு திருப்பி ஓட விடுங்க. 100 வவுச்சர்தான் இருக்கணும், 99ம் கூடாது 101ம் கூடாது. அது மூணு தடவ சரியா வந்த பொறகு தராசு பக்கத்துல கொண்டு போய் வைங்க.