பிலிப்பீன்ஸ் ஆயுதப் போராட்ட வரலாற்றைப் படிக்கும் முறை

பிலிப்பீன்ஸ் மக்கள் ஸ்பெயின், அமெரிக்கக் காலனி ஆட்சிகளை ஆயுதமேந்தி எதிர்த்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர், எல்லாவற்றையும் ஒரே கால வரிசையில் அடுக்காமல், வடக்கே லூசோன், நடுவே விசாயத் தீவுகள், தெற்கே மிண்டனாவோ-சுலு என மூன்று வரிசைகளை அருகருகே எழுதிக்கொள்ள வேண்டும். ஒற்றை வரிசை, மணிலாவைச் சுற்றி நடந்ததையே நாட்டின் முழு வரலாறாகக் காட்டிவிடும்.

விசாய வரிசையில், 1521-இல் மக்தான் தீவின் கரையில், ஸ்பெயினுக்காகக் கடற்பயணம் வந்த மகெல்லனை உள்ளூர் மக்கள் வீழ்த்திய போரை ஒரு வரியில் குறித்தால் போதும். அதிகம் படிக்க வேண்டியது, போஹோல் தீவில் தகோஹோய் என்ற தலைவர் 1744-இல் தொடங்கி, அவர் இறந்த பின்னும் 1829 வரை ஸ்பானியருக்கு அடங்காதிருந்த கிளர்ச்சியையே.

லூசோன் வரிசையை 1892-இல் ஆந்திரேஸ் போனிபாசியோ நிறுவிய கத்திபுனான் என்ற இரகசிய அமைப்பிலிருந்து தொடங்கலாம். 1896-இல் புரட்சி வெடித்தது. மறு ஆண்டு மே மாதத்திலேயே போனிபாசியோ, எமிலியோ அகினால்டோ தலைமையிலான புரட்சி அரசால் கொல்லப்பட்டார். வீரவரலாறுகள் விரைந்து கடந்துவிடும் இந்த உட்பகையை நிதானமாகப் படியுங்கள். அடுத்து, 1898 ஜூன் 12-இல் விடுதலை அறிவித்த நாட்டை அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்த பாரிஸ் உடன்படிக்கையையும், 1899 பிப்ரவரி 4-இல் அமெரிக்காவுடன் மூண்ட போரையும், அவ்வாண்டு நவம்பரில் அகினால்டோ கெரில்லா முறைக்கு மாறியதையும் தொடர்ச்சியாகக் குறியுங்கள்.

முடிவுத் தேதியில்தான் மிகுந்த கவனம் தேவை. அகினால்டோ 1901 மார்ச்சில் பிடிபட்ட பின்னும் லூசோனின் பத்தங்காஸ் மாகாணத்தில் தளபதி மிகேல் மால்வார் ஓராண்டுக்கு மேல் போரிட்டார். போர் முடிந்ததாக 1902 ஜூலை 4-இல் அறிவித்தவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்; அவரது அறிவிப்பே, தெற்கில் மோரோ முஸ்லிம்கள் வாழும் பகுதிகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கிவைத்தது. எனவே ஒவ்வொரு முடிவுத் தேதிக்கும் பக்கத்தில் அதை அறிவித்தது யார் என்று எழுதுங்கள். லூசோன் மலைகளில் போராட்டத்தைத் தொடர்ந்த மக்காரியோ சகாய், 1907-இல் கொள்ளைக்காரர்களுக்கான சட்டத்தின் கீழ்த் தூக்கிலிடப்பட்டார். மூன்றாவது வரிசைக்கு வந்தால், சுலுவில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் மாண்ட, அமெரிக்கப் படையின் புட் டாஹோ மலைத் தாக்குதல் 1906-இலும், புட் பக்சாக் போர் 1913-இலும் நடந்தன.

உயிரிழப்புக் கணக்கில் போர்க்கள மரணங்களைத் தனியே வையுங்கள். பத்தங்காஸில் அமெரிக்கப் படை மக்களைக் காவல் வளையங்களுக்குள் அடைத்த நடவடிக்கையும், 1902-இல் பரவிய காலராவும் அடுத்தடுத்து வந்தவை என்பதால், பொதுமக்கள் சாவைப் பற்றிய மதிப்பீடு எதுவாயினும், அது எந்த ஆண்டுகளையும் எந்தக் காரணங்களையும் சேர்த்துக்கொண்டது என்று பார்த்த பிறகே எடுத்தாள வேண்டும்.